பூட்டிய கதவும் தீராத ஐயமும்

சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று 11 பக்கம் நீண்டது. எழுதியவர் இரு பிள்ளைகளின் தாய். தம் பங்கில் மரியாயின் சேனையில் பல்லாண்டு பணியாற்றியவர். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார், அவ்வாறே செய்கிறோம்.

மடலின் சாரம் இது. காலையில் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரையும் மூடிவிட்டுப் புறப்படுகிறார். தெருமுனையை எட்டுவதற்குள் "மூடினேனா?" என்று ஓர் ஐயம். திரும்பி வந்து பார்க்கிறார், மூடியிருக்கிறது. மீண்டும் தெருமுனை, மீண்டும் ஐயம். ஞாயிறு திருப்பலியில் மறையுரை நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வீட்டுக்கு ஓடிய நாள்களும் உண்டாம். பின்னர் இந்த ஐயம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ளும் புகுந்துவிட்டது. "அந்தப் பாவத்தை முழுமையாகச் சொன்னேனா? எத்தனை முறை என்று சொன்னேனா? அபராதச் செபத்தைக் கவனத்தோடு சொன்னேனா?" எழுந்து வந்தவர் மறுபடியும் வரிசையில் போய் நிற்கிறார். குருவானவர் ஒருமுறை பொறுமையிழந்து, "அம்மா, நீங்கள் இப்போதுதானே வந்து சென்றீர்கள்!" என்றாராம். அன்று முதல் வெட்கத்தால் அந்தப் பக்கமே போகவில்லை. 7 மாதங்களாக நற்கருணையும் உட்கொள்ளவில்லை. மனைவிக்கு ஞாபகசக்தி குன்றிவிட்டது என்று எண்ணிய கணவர், நாட்டு மருந்துக் கடையில் வல்லாரை இலேகியம் வாங்கித் தந்திருக்கிறார்.

"எனக்கு வந்திருப்பது மறதி நோயா? ஆண்டவர் என்னைத் தண்டிக்கிறாரா? நான் நற்கருணை வாங்கலாமா?" இவை அவருடைய மூன்று கேள்விகள்.

மடலை இருமுறை படித்தோம். குருவானவர் சொன்ன சொற்கள், அன்று எந்தத் திருநாள், தமக்கு முன்னே வரிசையில் நின்ற மூதாட்டி செபமாலையை எந்தக் கையில் வைத்திருந்தார் என்பது வரை அதில் எழுதப்பட்டுள்ளது. ஞாபகசக்தியை இழந்த ஒருவர் எழுதக்கூடிய மடல் அன்று இது. கடிதத்தைக் கொண்டு நோயை உறுதிசெய்ய நம்மால் இயலாது. அது மருத்துவரின் வேலை. எனினும் இவர் விவரிக்கும் குறிகள் 'எண்ணச் சுழற்சி நோய்' என்று தமிழில் வழங்கும் நோயோடு பெரிதும் ஒத்திருக்கின்றன. மருத்துவர்கள் சுருக்கமாக ஓ.சி.டி. என்பார்கள். நூறு பேரில் இருவரளவில் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இதற்கு ஆளாகின்றனர் என்பது பொதுவான கணக்கு. நம் பங்குகளின் குடும்பக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு பங்கிலும் பலர் இருக்கவேண்டும். அவர்கள் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இந்நோய் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் இதற்கு 'ஐயப் பித்து' என்று பொருள்படும் பெயரிட்டிருந்தனர். சிலர் கை கழுவிக்கொண்டே இருப்பார்கள். சிலர் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். சிலருக்கு மாதாவின் திருச்சுரூபத்தைக் கண்டதும் சொல்லத்தகாத எண்ணம் எழும், அதற்காக நாளெல்லாம் அழுவார்கள். இந்த ஒவ்வொன்றையும் பற்றித் தனித்தனியே எழுதலாம். இன்று நாம் எடுத்துக்கொள்வது, மடல் எழுதிய தாயைப்போல் 'செய்தேனா, இல்லையா' என்று சரிபார்த்துச் சரிபார்த்துச் சோர்ந்துபோகிறவர்களின் நிலை.

இவர்களுக்கு மெய்யாகவே ஞாபகக் குறைவு உண்டா என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் தேடினார்கள். சிறிதளவு குறை சில சோதனைகளில் தென்படவே செய்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கேரி சாவேஜ் என்பவரும் உடனிருந்தோரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. கோடுகளும் கட்டங்களும் வட்டங்களும் பின்னிக்கிடக்கும் ஒரு சிக்கலான உருவத்தைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பிறகு அதை மறைத்துவிட்டு நினைவிலிருந்து வரையச் சொல்வார்கள். நலமுள்ளோர் பெரும்பாலும் முதலில் பெரிய சட்டத்தை வரைந்துகொண்டு உட்கூறுகளை அதில் நிரப்பினர். நோயுற்றோர் சிறுசிறு துண்டுகளில் சிக்கிக்கொண்டனர். முழு உருவம் அவர்கள் கைக்குப் பிடிபடவில்லை. ஆகவே பின்னர் நினைவுகூர்ந்தபோதும் குறைந்தது. களஞ்சியத்தில் ஓட்டை இல்லை. உள்ளே அடுக்கும் முறையில்தான் குழப்பம்.

இதைவிட வியப்பானது 2003இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்சல் வான் டென் ஹவுட், மெரல் கின்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. நோய் எதுவுமற்ற மாணவர்களை அழைத்து, கணினித் திரையில் ஓர் எரிவாயு அடுப்பைக் காட்டி, அதைப் பற்றவைத்து, அணைத்து, அணைந்ததா என்று சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு சாரார் இதை மீண்டும் மீண்டும் செய்தனர். மற்றொரு சாரார் இடையில் அடுப்பை விட்டுவிட்டு மின்விளக்குகளைச் சரிபார்த்தனர். இறுதியில் எல்லாரிடமும் கடைசியாக அடுப்பைச் சரிபார்த்ததைப்பற்றி வினவினார்கள். எந்தத் திருகை அணைத்தோம் என்பதை இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு சரியாகவே சொன்னார்கள். ஆனால் அடுப்பையே பலமுறை சரிபார்த்தவர்கள், "நினைவு மங்கலாக இருக்கிறது, நம்ப முடியவில்லை" என்றனர். 2006இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் ஆடம் ரடோம்ஸ்கியும் அவருடைய மாணவர்களும் மெய்யான சமையலறை அடுப்பைக்கொண்டே இதைச் செய்து பார்த்தனர், முடிவு அதேதான்.

இது ஏன் என்று நாமே சிந்திக்கலாம். வாழ்வில் ஒரேயொரு முறை சென்ற வேளாங்கண்ணித் திருப்பயணம் கண்முன் நிற்கிறது. நாள்தோறும் சொல்லும் காலைச் செபம், இன்று சொன்னதா நேற்றுச் சொன்னதா என்று பிரித்தறிய முடிவதில்லை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கையில் மனம் அதன் விவரங்களைப் பதிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ரெகுலேட்டரைப் பத்தாவது முறை பார்க்கிறவருக்கு, முந்தைய ஒன்பது முறைகளும் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடுகின்றன. நிச்சயம் பெறுவதற்காகப் பார்க்கிறார். பார்ப்பதாலேயே நிச்சயம் தேய்கிறது. தேய்ந்ததால் மறுபடியும் பார்க்கிறார். நம் வாசகி மறதியால் திரும்பி ஓடவில்லை. திரும்பி ஓடி ஓடியே தம் நினைவின்மேல் இருந்த நம்பிக்கையை இழந்தார். பாவசங்கீர்த்தன வரிசையில் நடந்ததும் இதுவே.

இனி மூளையைப் பார்ப்போம். கண்குழிகளுக்குச் சற்று மேலே, நெற்றிக்குப் பின்புறம் உள்ள மூளைப்பகுதிக்கு, 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என எச்சரிக்கும் பணியில் பெரும்பங்கு உண்டு. அங்கிருந்து செய்தி மூளையின் ஆழத்தில் வால்போல் வளைந்திருக்கும் காடேட் என்னும் நரம்புத் திரளுக்கும், தலாமஸ் என்னும் நடுநிலையத்துக்கும் சென்று, மீண்டும் நெற்றிப் பகுதிக்கே திரும்புகிறது. கதவு பூட்டியதும் இச்சுற்று அடங்கவேண்டும். நோயுற்றவரிடம் அது அடங்குவதில்லை. உபதேசியார் கயிற்றை விட்டுவிட்ட பின்னும் கோவில் மணி அடித்துக்கொண்டேயிருந்தால் ஊர் எப்படித் தவிக்குமோ, அப்படி. கண் 'பூட்டியிருக்கிறது' என்கிறது. கையும் அதையே சொல்கிறது. 'முடிந்தது' என்ற உணர்வு மட்டும் வருவதில்லை.

நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் இரசாயனப் பொருள்களுள் செரொட்டோனின் ஒன்று. இந்நோயில் அதற்குப் பங்குண்டு என்பது ஒரு மருந்தின் வழியாகத் தெரியவந்தது. மனச்சோர்வுக்கான குளோமிப்ரமின் என்னும் மருந்து எண்ணச் சுழற்சியையும் தணிக்கிறது என்று 1967இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் எழுதினர். மனச்சோர்வுக்கு வேறு மருந்துகளும் இருந்தன. அவை ஏன் அவ்வளவு பயன்தரவில்லை? அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஹென்றியெட்டா லெனார்டு, ஜூடித் ராப்போபோர்ட் முதலியோர் சிறுவர்களிடையே நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில், செரொட்டோனின்மேல் வலுவாகச் செயல்படும் குளோமிப்ரமின் நன்கு பலனளித்தது. நார்அட்ரினலின் என்ற வேறொரு பொருளின்மேல் செயல்படும் டெசிப்ரமின் அவ்வளவு பலனளிக்கவில்லை. அதன்பின் ஃப்ளுவாக்ஸெட்டின், ஃப்ளுவாக்ஸமின், செர்ட்ராலின் முதலிய மருந்துகள் வந்தன. இன்று முதலில் கொடுக்கப்படுபவை பெரும்பாலும் இவையே.

இதைக்கொண்டு, "செரொட்டோனின் குறைந்துவிட்டது; மாத்திரை அதை நிரப்புகிறது" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போல என்று உவமையும் கூறுவார்கள். அது அவ்வளவு எளிதன்று. தலைவலி மாத்திரையால் வலி நீங்கியது என்பதால், அம்மாத்திரை உடலில் குறைந்திருந்ததே வலிக்குக் காரணம் என்று கூறமாட்டோம் அல்லவா? 2023இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, குளூட்டமேட், காபா என்ற வேறு இரு பொருள்களின் சமநிலையும் நோயுற்றோர் மூளையின் ஒரு பகுதியில் மாறியிருப்பதைக் காட்டிற்று. மருந்து உதவுகிறது என்பது உறுதி. மூளையின் இரசாயனம் ஒரே ஒரு திருகால் இயங்குவது அன்று என்பதும் உறுதி.

நம்மை மிகவும் கவர்ந்த ஆய்வு லூயிஸ் பாக்ஸ்டர் என்ற மருத்துவரும் உடனிருந்தோரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் செய்து 1992இல் வெளியிட்டது. நோயாளருள் சிலருக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் கொடுத்தனர். வேறு சிலருக்கு மருந்தே இல்லாமல் பழக்கப் பயிற்சி மட்டும் அளித்தனர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தபோது, குணமடைந்தோரில் இரு சாராரிடமும் காடேட்டின் வலப்பக்கத்தில் மிகை இயக்கம் தணிந்திருந்தது. மாத்திரையும் பயிற்சியும் வெவ்வேறு வாயில்களின் வழியே ஒரே அறைக்குள் சென்றிருக்கின்றன. "மூளையில் கோளாறு என்றால் பேச்சும் பயிற்சியும் என்ன செய்யும்?" என்று கேட்போரும், "மனத்தில் கோளாறு என்றால் மாத்திரை எதற்கு?" என்று கேட்போரும் இந்த ஒன்றை நினைவில் கொள்வது நல்லது.

அந்தப் பயிற்சி யாது? 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்னும் உளவியலறிஞர் தொடங்கிவைத்த முறை அது. ஐயத்தை எழ விடுவது. சரிபார்க்கும் செயலை மட்டும் செய்யாதிருப்பது. கதவை ஒருமுறை பூட்டியபின் திரும்பாமல் நடக்கவேண்டும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். அலை உயர்வதுபோல் உயர்ந்து, சற்று நேரத்தில் அந்தப் பதற்றம் தானே வடியும். பத்து நாள், இருபது நாள் பழகியபின் அலையின் உயரம் குறையத் தொடங்கும். படிக்கும்போது எளிதாகத் தோன்றும். செய்கிறவருக்கு அது எவ்வளவு கடினம் என்பதை அருகிலிருந்து கண்டவரே அறிவர். ஆதலால் பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு, சிறிய ஐயத்தில் தொடங்கிப் பெரிய ஐயத்துக்குப் படிப்படியாகச் செல்லவேண்டும்.

அந்தத் தாயின் இரண்டாம் கேள்வி: இது தண்டனையா? நம் முன்னோர் இதே வேதனையை அறிந்திருந்தார்கள். இலத்தீனில் 'ஸ்க்ரூப்புலூஸ்' என்றால் கூரிய சிறுகல். செருப்புக்குள் அகப்பட்ட கல்லைப்போல் மனச்சான்றை உறுத்தும் ஐயத்துக்கு அப்பெயரை வைத்தனர்.

புனித இஞ்ஞாசியார் 1522இல் மோன்செராத் ஆலயத்தில், தம் பாவங்களையெல்லாம் எழுதிக்கொண்டு, மூன்று நாள் செலவிட்டுப் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதன்பின் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, இன்னும் சிலவற்றைச் சொல்லவில்லையோ என்ற ஐயம் அவரை வாட்டியது. மீண்டும் சொன்னார், அமைதி கிட்டவில்லை. "மிகத் தெளிவாக இருந்தாலன்றிப் பழையவற்றைச் சொல்லவேண்டாம்" என்று ஆன்ம குரு கட்டளையிட்டார். இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தோன்றின. ஆகவே அக்கட்டளையால் பயன் விளையவில்லை! அறையிலிருந்த ஒரு பெரும் துவாரத்தின் வழியே குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் சோதனை எழுந்ததாக அவரே பிற்காலத்தில் தம் வரலாற்றைச் சொல்லும்போது மறைக்காமல் கூறியிருக்கிறார். ஒரு வாரம் உண்ணா நோன்பிருந்தும் பார்த்தார். ஆன்ம குரு அதை நிறுத்தச் செய்தார். இறுதியில், கடந்தகாலப் பாவம் எதையும் இனிப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை என்று முடிவுகட்டிய பின்னரே விடுதலை பெற்றார். 444 ஆண்டுகளுக்குப்பின் லண்டனில் மேயர் வகுத்த முறைக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. குழந்தை இயேசுவின் தெரேசம்மாளும் 1885 முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் இத்தகைய சஞ்சலத்தால் துன்புற்றார். இவர்களைத் தண்டிக்கப்பட்டவர்கள் என்று யார் சொல்வார்?

'மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இந்நோய் மடியில் ஒன்றுமில்லாதவரையும் வழியெல்லாம் நடுங்கவைக்கும். அப்பழமொழியை இவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். பேயோட்டுவதாகச் சொல்வோரிடம் அழைத்துச் சென்று அச்சத்தைப் பெருக்குவதும் வேண்டாம்.

மூன்றாம் கேள்விக்கு முழுமையாக விடையளிக்க வேண்டியவர் அவருடைய ஆன்ம குரு. திருச்சபையின் போதனையில் உள்ள ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்காட்டுவோம். திரெந்து திருச்சங்கம் 1551இல் பாவசங்கீர்த்தனத்தைப்பற்றிப் போதித்தபோது, கவனத்தோடு ஆத்தும சோதனை செய்தும் நினைவுக்கு வராத பாவங்கள் அந்தப் பாவசங்கீர்த்தனத்திலேயே அடங்கியவையாகக் கொள்ளப்படும் என்று கூறியது. மனிதரின் ஞாபகம் குறையுள்ளது என்பதைத் திருச்சபை அறியாமல் இல்லை. பாவமன்னிப்பை அதன்மேல் கட்டிவைக்கவும் இல்லை. தாமே இச்சஞ்சலத்தை அனுபவித்தவரான புனித அல்போன்ஸ் லிகோரியார், இத்தகையோர் ஒரே ஆன்ம குருவைத் தெரிந்துகொண்டு அவர் சொல்லுக்குக் கீழ்ப்படியட்டும், ஐயத்துக்குரிய பாவங்களைச் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை என்னும் வழியைக் கற்பித்தார். சகோதரி தம் பங்குத்தந்தையிடம் வரிசையில் நின்று அல்லாமல், தனியே நேரம் கேட்டுச் சென்று, இம்மடலில் எழுதியதையே சொல்லட்டும். வெட்கம் வேண்டாம். அருட்தந்தையர்க்கும் ஒரு விண்ணப்பம்: மூன்றாம் முறை வந்து முழந்தாளிடுகிறவரைக் கடிந்து அனுப்பவும் வேண்டாம், மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொள்ளவும் வேண்டாம். "நீங்கள் சொன்னது போதும்; அடுத்த மாதம் வாருங்கள்" என்று கனிவோடும் உறுதியோடும் சொல்லி, மருத்துவரிடமும் அனுப்பிவையுங்கள்.

வீட்டாருக்கு உள்ள சோதனை வேறுவகை. "பூட்டினேனா?" என்று கேட்டால், "பூட்டிவிட்டாய், நானே பார்த்தேன்" என்று கணவர் சொல்கிறார். அன்பினால் சொல்கிறார். மனைவிக்கு ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு அதே கேள்வி. இப்படிச் சொல்லும் ஒவ்வொரு விடையும், திரும்பிப்போய்ப் பார்ப்பதற்கு நிகரானதே. ஆனால் நாளை காலையே "இனி நான் பதில் சொல்லமாட்டேன்" என்று அறிவித்துவிட்டால் அது கொடுமையாகும். இருவரும் அமைதியான ஒரு வேளையில் பேசி முடிவுசெய்துகொள்ளட்டும்: ஒரு கேள்விக்கு ஒருமுறைதான் விடை, அதற்குமேல், "இது நோய் கேட்கும் கேள்வி, சற்று நேரம் இருவரும் பொறுத்திருப்போம்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வது. கோபத்தில் சொன்னால் பயன் இராது.

மருந்து தொடங்கினால் சிலவற்றை அறிந்திருக்கவேண்டும். மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதலான அளவு இந்நோய்க்குப் பெரும்பாலும் தேவைப்படும். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இரண்டு வாரத்தில் பயனில்லை என்று கைவிடுகிறவர்களே மிகுதி. சற்றுக் குணமானதும் தாமாகவே நிறுத்துவதும் தவறு. மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும். குளோமிப்ரமின் வாய் உலர்தல், மலச்சிக்கல் இவற்றோடு முதியோரிடம் நினைவுத் தடுமாற்றத்தையும் உண்டாக்கக்கூடும் என்பதால், அறுபதைக் கடந்தவர்கள் அதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. மெய்யான மறதி நோயின் போக்கும் வேறு: பெரும்பாலும் முதுமையில் வரும், பழகிய தெருவில் வழி தப்பும், தமக்கு மறதி இருப்பதே பலருக்குத் தெரியாது. அத்தகைய குறிகள் இருந்தால் காலம் தாழ்த்தாமல் காட்டவேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. முதலில் தொலைபேசியில் பேசிப் பார்க்க விரும்புவோர், நடுவண் அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டுமானால் அன்றே அழைக்கவேண்டும், அன்றே வீட்டாரிடமும் சொல்லவேண்டும்.

கணவர் வாங்கித் தந்த வல்லாரையைப்பற்றியும் அத்தாய் கேட்டிருந்தார். கீரையைத் துவையலாக அரைத்துச் சோற்றோடு உண்பதில் யாதொரு தடையும் இல்லை, சுவையாகவும் இருக்கும். இலேகியத்தை மட்டும் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடட்டும். அதை நம்பி, மருத்துவரிடம் போகும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.